வெளிநாட்டில வருத்தம் வந்தா எங்க போற? ஊரில எல்லாரும் கேக்கிற கேள்விகளும் என்ட பதிலும்

லீவில மட்டக்களப்பு கல்லடிக்கு வந்து அஞ்சு கிழமையாகுது. கடைக்குப் போனாலும் கோயிலடியில நிண்டாலும் கலியாண வீட்டுப் பந்தியில இருந்தாலும் ஒரே கதைதான், "தம்பி, அங்க ஆஸ்பத்திரியெல்லாம் சும்மாவாமே, மெய்யா?" ஒவ்வொரு வீட்டிலயும் ஒராளாவது போக வெளிக்கிட்டு நிக்குது, இல்லாட்டி போய் அங்க முழிசிக்கொண்டு நிக்குது. ஒவ்வொராளுக்கும் தனித்தனியாச் சொல்லி வாய் நொந்திட்டு, அதான் எழுதிப் போடுறன். நான் டொக்டர் இல்ல. 2021இல குடும்பத்தோட லண்டன் போன, ரெண்டு புள்ளையள். அக்கா சுவிஸில 20 வருசத்துக்கு மேல, சித்தி கனடாவில ஸ்கார்பரோவில, மச்சான் வளைகுடாவில வேல. இவங்களிட்ட கேட்டதும் நான் பட்டதும்தான் இது.

அங்க எல்லாம் ஃப்ரீயா?

லண்டனில டொக்டரிட்டக் காட்டப் போற நேரம் ஃப்ரீ, ஆனா அதுக்கு முன்னமே உங்களிட்ட காசு வாங்கிட்டாங்க. இங்கிலாந்துக்கு ஆறு மாசத்துக்கு மேல விசா எடுத்தா, விசாக் காசோட சேத்து ஹெல்த் சேர்ச்சார்ஜ் எண்டு ஒண்டு கட்டணும். நாங்க போகக்குள்ள பெரியாக்களுக்கு வருசத்துக்கு 624 பவுண்டு, 2024 பெப்ரவரியில இருந்து 1,035 ஆக்கிட்டாங்க, ஸ்டூடன்டுக்கும் 18 வயசுக்குக் கீழ உள்ள புள்ளையளுக்கும் 776. புருசன் பெண்சாதி ரெண்டு புள்ளையள் மூண்டு வருச விசாவில போறாங்க எண்டு வைங்க, 10,866 பவுண்டு. அதுவும் பிளேன் ஏற முதல், ஒரே கட்டா. அதுக்குப் பிறகு சம்பளத்தில வரி வேற வெட்டுவாங்க. ஹெல்த் அண்ட் கெயார் விசாவில போனாக்களுக்கு மட்டும் இந்தச் சேர்ச்சார்ஜ் இல்ல, ஆனா கெயார் வேர்க்கர்மார வெளியில இருந்து புதுசா எடுக்கிறத 2025 ஜூலையோட நிப்பாட்டிட்டாங்க, அதால "ஏஜென்சி சொன்னவர்" எண்டு இனிமேல் காசு கட்டி ஏமாறாதிங்க.

அசைலம் அடிச்சு முடிவு வரும் வரைக்கும் நிக்கிறாக்களுக்கு என்எச்எஸ் (அங்கத்த அரசாங்க வைத்திய சேவை) ஃப்ரீதான், சேர்ச்சார்ஜும் இல்ல.

மருந்துக்கு இங்கிலாந்தில ஒவ்வொரு ஐட்டத்துக்கும் 9.90 பவுண்டு. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில அதுவும் இல்ல. 60 தாண்டினாக்கள், 16க்குக் கீழ உள்ள புள்ளையள், கர்ப்பிணிகள் இவங்களுக்கு ஃப்ரீ. நம்மட ஆக்களில கனபேருக்குத் தெரியாத ஒண்டு சொல்றன், சுகருக்கு குளிசையோ ஊசியோ எடுக்கிற ஆளெண்டா ஜீபியிட்ட (குடும்ப டொக்டரிட்ட) ஒரு ஃபோர்ம் நிரப்பி எக்ஸெம்ப்ஷன் காட் எடுக்கலாம், பிறகு சுகர் குளிசைக்கு மட்டுமில்ல எல்லா மருந்துக்குமே காசில்ல. என்ட கூட்டாளி ஒருவன் இது தெரியாம ரெண்டு வருசமா மாசாமாசம் மூண்டு ஐட்டத்துக்குக் கட்டிக்கொண்டு இருந்தவன், கேட்டா "அவங்க சொல்லல்லயே மச்சான்" எண்டான். சொல்ல மாட்டாங்க, நாமதான் கேக்கணும்.

ஊரில போல சனல் பண்ணி (பிரைவேட்டா நம்பர் எடுத்து) நேர ஸ்பெஷலிஸ்டிட்ட போகேலாதா?

ஏலாது. இங்கதான் போன எல்லாருக்கும் முதல் அடி விழுற.

ஊரில நாம எப்படி? இடுப்பு நோகுது எண்டா எலும்பு டொக்டர், நெஞ்சு எரியுது எண்டா ஹார்ட் டொக்டர், எந்த டொக்டர் எண்டு நாமளே முடிவெடுத்து, போன் அடிச்சு நம்பர் எடுத்து, பின்னேரம் போய் இருந்தா அவர் பாப்பார். அதே டொக்டர்தான் காலையில அரசாங்க ஆஸ்பத்திரியில இருப்பார். பின்னேரம் 2 நிமிசம் காசு குடுத்துக் காட்டிட்டு, "நாளைக்கு வார்டுக்கு வாங்க" எண்டு அவர் எழுதித் தாற துண்டக் கொண்டு போய் அட்மிட் ஆகுவம், ஒபரேசனும் ஃப்ரீயா முடியும். எங்களுக்கு பிரைவேட் எண்டது வேற ஆஸ்பத்திரி இல்ல, அரசாங்க ஆஸ்பத்திரிக்குள்ள கெதியாப் போற ஒரு பக்க வாசல். இது நல்லமா கெட்டதா எண்டு இஞ்ச விவாதிக்க வரல்ல, ஆனா சின்னதில இருந்து பழகின பழக்கம் இதுதான்.

லண்டனில அந்தப் பக்க வாசல் இல்ல. ஜீபி எண்டு ஒரு குடும்ப டொக்டர், அவர்தான் படலைக்காரன். அவர் எழுதாம என்எச்எஸ் ஸ்பெஷலிஸ்ட் வழமையா உங்களப் பாக்க மாட்டார். பிரைவேட்டில காசு குடுத்து ஸ்பெஷலிஸ்ட்டப் பாத்தாலும் அதால என்எச்எஸ் ஒபரேசன் லிஸ்ட்டில முன்னுக்குப் போகேலாது, திரும்பி என்எச்எஸ்ஸுக்கு வந்தா மத்தாக்களோட சமமா வரிசையிலதான். நான் முதல் வருசம் இத விளங்காம, முழங்காலுக்கு பிரைவேட்டா ஒருவரிட்டக் காட்டி, அவர் எழுதின கடிதத்தக் கொண்டு போய் ஜீபியிட்டக் குடுத்தா உடன எம்ஆர்ஐ எடுப்பாங்க எண்டு நினைச்சன். ஜீபி கடிதத்தப் பாத்து சிரிச்சுப்போட்டு முதல் 6 கிழமை பிசியோ செய்யச் சொன்னார். காசும் போச்சு. ஆனா மெய்யச் சொன்னா, பிசியோவோட முழங்கால் சுகமாகிட்டு, எம்ஆர்ஐ தேவையே படல்ல.

அப்ப ஜீபியில எப்படிப் பதியிற?

போய் இறங்கின கிழமையே பதியுங்க, வருத்தம் வரட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருக்காதிங்க. வீட்டுக்குக் கிட்ட உள்ள சேர்ஜரியில (ஜீபியின்ட கிளினிக்) ஒன்லைனில ஃபோர்ம் நிரப்பலாம். பாஸ்போட், அட்ரஸ் துண்டு கேப்பாங்க, இருந்தா குடுங்க, ஆனா அது கட்டாயமில்ல, அது இல்லையெண்டு உங்களத் திருப்பி அனுப்ப என்எச்எஸ் விதியில இடமில்ல. எங்கள ஒரு இடத்தில, பேர் வேணாம், கரண்ட் பில் இல்லையெண்டு ரெண்டு தரம் திருப்பி அனுப்பினவங்க, மூண்டாம் தரம் என்ட பெண்சாதி என்எச்எஸ்ஸின்ட சொந்தப் பக்கத்திலயே அந்த விதியப் போனில எடுத்துக் காட்டினா, ரிசெப்ஷனில இருந்த புள்ள ஒண்டும் பேசாம ஃபோர்மத் தந்தா.

அப்பொயின்ட்மென்ட் எடுக்கிறதுதான் கூத்து. காலம 8 மணிக்கு லைன் திறப்பாங்க. 7.59க்கு அடிச்சா "இப்ப பூட்டு", 8.00க்கு அடிச்சா "நீங்க வரிசையில 23ஆவது". போனக் காதில வச்சுக்கொண்டு புள்ளைக்கு சப்பாத்துப் போட்டு, பாண் கருகி, பஸ்ஸும் விட்டு, 8.40க்கு ஒராள் எடுத்து "இண்டைக்கு முடிஞ்சுது, நாளைக்கு 8 மணிக்கு அடிங்க" எண்டு சொல்லும். இப்ப கன இடத்தில ஆப்பில எழுதிப் போடலாம், அது கொஞ்சம் பரவாயில்ல.

ஊரில எங்கட அம்மா அரசாங்க ஆஸ்பத்திரி ஒண்டில சுகர் கிளினிக் போறவ. விடிய அஞ்சரைக்குப் போனா வாங்கில (பெஞ்சில) ஆக்கள் இருக்க மாட்டாங்க, கிளினிக் கொப்பிதான் வரிசையா இருக்கும், ஒவ்வொண்டும் ஒவ்வொரு சொப்பிங் பேக்கில சுத்தி, சிலதுக்கு மேல கல்லும் வச்சு. ஆக்கள் வெளியில தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நிப்பாங்க, கொப்பி இடம் பிடிச்சுக்கொண்டு இருக்கும். லண்டனில போன் வரிசையில 23ஆவதா நிக்கக்குள்ள எனக்கு அந்தக் கொப்பி வாங்குதான் ஞாபகம் வாற. அங்க கொப்பி இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்.

காய்ச்சலெண்டு போனா பெனடோல் தந்து அனுப்புறாங்களாமே?

ஓம், அதான் செய்வாங்க. ஊரில டிஸ்பென்சரியில ஒருக்கா காட்டினா நாலு கலரில குளிசை, ஒரு பாணி மருந்து, கேட்டா ஒரு ஊசியும் கிடைக்கும், மூண்டாம் நாள் காய்ச்சல் விட்டா அந்த டொக்டர் கைராசிக்காரர். லண்டனில "வைரஸ்தான், தண்ணி குடுங்க, பரசிட்டமோல் குடுங்க, அஞ்சு நாளில விடும்" எண்டு சொல்லி அனுப்புவாங்க, அதுவும் கன நேரம் போனிலதான். என்ட மாமி போனில கேட்டுட்டு "இதுக்கா அவ்வளவு காசு கட்டிப் போன நீங்க?" எண்டா. மூண்டாம் நாள் விட்டது குளிசையாலயா, தன்பாட்டிலயா எண்டு இப்பதான் எனக்கே யோசனை வருது.

அன்டிபயோட்டிக் ஜீபி எழுதாம கடையில வாங்கேலாது. ஊரில பாமசியில ரெண்டு காட் வாங்கிற டைக்ளோஃபெனாக் நோவுக் குளிசை கூட அங்க 2015இல இருந்து துண்டு இல்லாம தர மாட்டாங்க. ஆனா ஒரு நல்ல விசயம், 2024 ஜனவரியில இருந்து இங்கிலாந்தில பாமசிக்காரரே ஏழு வகை வருத்தத்தப் பாத்து, தேவையெண்டா அன்டிபயோட்டிக்கும் தரலாம், தொண்டை நோவு, பொம்பிளையளுக்கு சலக்கடுப்பு (சிறுநீர்த் தொற்று), புள்ளையளுக்குக் காது நோவு இப்படி. ஜீபி லைனில நிக்கத் தேவையில்ல.

ஒண்டு மட்டும் மறக்காதிங்க. ஊரில நின்டு திரும்பிப் போய் காய்ச்சல் வந்தா, "நான் இலங்கையில இருந்து வந்து இத்தினை நாள்" எண்டு முதல் வசனமாச் சொல்லுங்க. டெங்கு அவங்கட யோசனையில தன்பாட்டில வராது. எங்கட ஊரில எண்டா காய்ச்சல் ரெண்டாம் நாளே பிளட் எடுத்து பிளேட்லட் பாப்பம், அந்த விசயத்தில நம்மட ஓபிடி மிஸ்ஸிமாருக்கு இருக்கிற கண் வேற ஆக்களுக்கு இல்ல.

காத்திருக்கிற எவ்வளவு காலம்? வருசக்கணக்காமே?

வருத்தத்தப் பொறுத்தது. ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக், ஆக்சிடன்ட் எண்டா காத்திருக்கிற கதையே இல்ல. கேன்சர் சந்தேகம் எண்டு ஜீபி எழுதினா அது தனி அவசர லைன், 28 நாளுக்குள்ள இருக்கா இல்லையா எண்டு சொல்லணும் எண்டது அவங்கட இலக்கு. அரையும் குறையுமா நோகிற வருத்தம்தான் காத்திருக்கும், முழங்கால், கண்ணில வெள்ளை படர்றது, ஹேர்னியா, பித்தப்பைக் கல்லு. ஜீபி எழுதி 18 கிழமைக்குள்ள வைத்தியம் தொடங்கணும் எண்டு ஒரு இலக்கு இருக்கு, நூற்றுக்கு 92 பேருக்கு. 2016க்குப் பிறகு அந்த இலக்க எட்டினதேயில்ல. கொரோனாவுக்குப் பிறகு லிஸ்ட் 70 லட்சத்துக்கு மேல போயிட்டு.

எனக்கு ஹேர்னியா. 2022 மாசி மாசம் ஜீபி எழுதினது, ஒபரேசன் நடந்தது 2023 தை. 11 மாசம். இடையில ஒரு தரம் ஆஸ்பத்திரிக்குப் போய், வெறும் வயிறோட உடுப்பும் மாத்தி இருந்த பிறகு "பெட் இல்ல" எண்டு வீட்ட அனுப்பினாங்க. பாரம் தூக்கிற வேல எனக்கு, 11 மாசமும் ஒரு பெல்ட்டக் கட்டிக்கொண்டு சமாளிச்ச. அம்மா போனில "வா மகன், இஞ்ச வந்து செய்துட்டுப் போ, ஒரு கிழமையில முடியும்" எண்டு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும். ஆனா ஒபரேசன் அண்டைக்கு ஒரு சதம் கேக்கல்ல, நூல், கையுறை, மருந்து ஒண்டுக்கும் வெளியில ஓடல்ல. 2022இல ஊரில மருந்து இல்லாம, வெளியில வாங்கிக்கொண்டு வரச் சொல்லி ஆக்கள் துண்டோட பாமசி பாமசியாத் திரிஞ்ச வருசம் அது. ரெண்டையும் ஒரே காலத்தில பாத்த ஆள் எண்டபடியா எந்தப் பக்கமும் வாய் கூசாம ஏச எனக்கு ஏலாது.

லேசா ஒரு வழி இருக்கு. இங்கிலாந்தில ஜீபி ஸ்பெஷலிஸ்டுக்கு எழுதக்குள்ள எந்த ஆஸ்பத்திரி எண்டு நீங்க தெரிவு செய்யலாம், என்எச்எஸ்ஸோட ஒப்பந்தம் உள்ள பிரைவேட் ஆஸ்பத்திரியும் அந்த லிஸ்ட்டில வரும், காசு என்எச்எஸ் கட்டும். கொஞ்சம் தூரமெண்டாலும் வரிசை குறைஞ்ச இடத்தக் கேளுங்க. இது தெரிஞ்சிருந்தா நான் 11 மாசம் பெல்ட் கட்டியிருக்க மாட்டன்.

பிரைவேட் இன்ஷூரன்ஸ் எடுக்கிறது நல்லமா?

வேல இடத்தில சும்மா தந்தா வாங்குங்க. சொந்தக் காசில எண்டா நல்லா வாசிச்சுப் பாருங்க. இங்கிலாந்து பிரைவேட் இன்ஷூரன்ஸ் உங்களுக்கு ஏற்கனவே உள்ள வருத்தத்துக்கு வழமையாக் காசு தராது, சுகர், பிரஷர் போல ஆயுளுக்கும் இருக்கிற வருத்தத்துக்கும் தராது. நம்மட ஆக்களுக்கு நாப்பது தாண்டினா அந்த ரெண்டும்தானே சொத்து, அப்ப என்னத்துக்கு எடுக்கிற? பிரைவேட் ஆஸ்பத்திரியில அவசரப் பிரிவும் வழமையா இல்ல, ஒபரேசனில சிக்கல் வந்தா அம்புலன்ஸில என்எச்எஸ்ஸுக்குத்தான் கொண்டு போவாங்க. கைக்காசு குடுத்துச் செய்யிறெண்டா முழங்கால் மாத்த 10,000 பவுண்டுக்கு மேல.

புள்ள பெறுறது எப்படி? விஓஜி (பிரசவ ஸ்பெஷலிஸ்ட்) பாப்பாரா?

பெரும்பாலும் பாக்க மாட்டார். ஊரில பின்னேரம் விஓஜியிட்ட மாசாமாசம் சனல் பண்ணிக் காட்டி, நோவு வந்தா அவர் வேல செய்யிற அரசாங்க ஆஸ்பத்திரியிலயே போய்ப் பெறுவாங்க. லண்டனில ஒரு சிக்கலும் இல்லாட்டி தொடக்கத்தில இருந்து முடிவு வரைக்கும் மிட்வைஃப்தான், டொக்டரின்ட முகமே காணாம புள்ள பெத்து வீட்ட வரலாம். ஸ்கேன் ரெண்டு, 12 கிழமையில ஒண்டு, 20 கிழமையில ஒண்டு. "ரெண்டே ரெண்டா?" எண்டு என்ட மாமி நெஞ்சில கை வச்சவ. சின்னவன் அங்கதான் பிறந்த, காலம பிறந்து அடுத்த நாள் பின்னேரம் துண்டு வெட்டி வீட்ட அனுப்பிட்டாங்க.

ஆனா இதில ஒண்டு சொல்லணும். பெத்த பிறகு வீட்ட வந்து பாக்கிற மிட்வைஃப்ப ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடிச்ச புதினம் போல சிலபேர் கதைக்கிறாங்க. எங்கட ஊரில மிட்வைஃப் சைக்கிளிலயும் ஸ்கூட்டியிலயும் ஒழுங்கைக்கு ஒழுங்கை வந்து, வாகரைப் பக்கமும் படுவான்கரைப் பக்கமும் வெள்ளத்துக்குள்ள நடந்து வந்து புள்ளையின்ட நிறை பாத்துட்டுப் போறது எத்தினை காலமா நடக்குது. புள்ளையின்ட கிளினிக் காட், ஊசி போட்ட திகதியெல்லாம் உள்ள காட், அதக் கட்டாயம் கொண்டு போங்க. எங்கட மூத்தவளின்ட காட்ட அங்க நேர்ஸ் பாத்துட்டு, ஒரு ஊசியும் விடல்லயே எண்டு மற்ற நேர்ஸையும் கூப்பிட்டுக் காட்டினா.

சுவிஸ் எப்படி? அது அரசாங்கமா பிரைவேட்டா?

ரெண்டும் இல்ல, ரெண்டும்தான். இன்ஷூரன்ஸ் கம்பனி எல்லாம் பிரைவேட், ஆனா 1996இல இருந்து சட்டப்படி எல்லாரும் எடுக்கணும், போய் மூண்டு மாசத்துக்குள்ள. அடிப்படை இன்ஷூரன்ஸுக்கு உங்கள எந்தக் கம்பனியும் வேணாம் எண்டு சொல்லேலாது, எந்த வருத்தம் இருந்தாலும். எந்தக் கம்பனியில எடுத்தாலும் அடிப்படைக் கவர் ஒண்டுதான், மாசக் காசுதான் வித்தியாசம், அதால விலை குறைஞ்சதுக்கு மாறுறெண்டா வழமையா நவம்பர் 30க்குள்ள அவங்களிட்ட கடிதம் போய்ச் சேரணும்.

அதுக்குள்ள ஃப்ரான்ஷிஸ் எண்டு ஒரு கணக்கு. வருசத்துக்கு 300 ஃபிராங்கில இருந்து 2,500 வரைக்கும் நீங்க தெரிவு செய்யலாம், அந்தத் தொகை வரைக்கும் வைத்தியச் செலவு முழுக்க உங்கட கைக்காசு. அதுக்கு மேல வாறதில 10 வீதம் நீங்க கட்டணும், அது வருசத்துக்கு 700ஓட நிண்டுடும். அப்ப 300 எடுத்தா மோசமான வருசத்திலயும் கைக்காசு 1,000, 2,500 எடுத்தா 3,200, ஆஸ்பத்திரியில படுத்தா நாளுக்கு 15 வேற. புள்ளையளுக்கு ஃப்ரான்ஷிஸ் இல்ல. மாசக் காசு குறையும் எண்டு எல்லாரும் 2,500 போடுறாங்க. அத்தான் அப்படித்தான் போட்ட, அந்த வருசம் பாத்து நெஞ்சு வருத்தம் வந்து 3,200ம் கட்டின. சுகர், பிரஷர் உள்ள ஆளெண்டா 300தான் சரி. சம்பளம் குறைவெண்டா மாசக் காசில ஒரு பங்க அரசாங்கம் தரும், ஒவ்வொரு கன்டோனிலயும் (அங்கத்த மாகாணம்) ஒவ்வொரு மாதிரி, விண்ணப்பம் போட வெக்கப்படாதிங்க. கிழமைக்கு 8 மணித்தியாலமோ அதுக்கு மேலயோ ஒரே இடத்தில வேல செய்தா ஆக்சிடன்ட் கவர் முதலாளி பக்கத்தால வரும், அத இதில இருந்து கழட்டினா கொஞ்சம் மிச்சம்.

ஆனா அக்கா சொல்ற ஒண்டு, "காத்திருக்கிற எண்ட பேச்சே இஞ்ச இல்லடா தம்பி, காசுதான் அழுகை."

கனடா?

அங்க தலைகீழ். டொக்டர், ஆஸ்பத்திரி எல்லாம் ஹெல்த் காட்டுக்குள்ள, 1984 சட்டப்படி அதுக்கு உங்களிட்ட காசு வாங்கேலாது, காசு குடுத்து முன்னுக்குப் போற வழியையும் கிட்டத்தட்ட அடைச்சு வச்சிருக்காங்க. பல்லு, கண்ணாடி, வெளியில வாங்கிற மருந்து இதுகள்தான் இல்ல, அதுக்குத்தான் வேல இடத்து பெனிஃபிட் எண்டு எல்லாரும் தேடுற. ஒண்டாரியோவில 24 வயசும் அதுக்குக் கீழயும், பிரைவேட் கவர் இல்லாட்டி மருந்து ஃப்ரீ, 65 தாண்டினாக்களுக்கும் அரசாங்கம் பெரும்பங்கு கட்டும். முந்தி ஒண்டாரியோவில ஹெல்த் காட்டுக்கு மூண்டு மாசம் காத்திருக்கணும், 2020இல அத எடுத்திட்டாங்க. ஸ்டூடன்ட் விசாவில போறாக்களுக்கு அந்தக் காட் இல்ல, கெம்பஸ் இன்ஷூரன்ஸ்தான். அகதிக் கோரிக்கையில நிக்கிறாக்களுக்கு மத்திய அரசாங்கத்தின்ட தனித் திட்டம் ஒண்டு இருக்கு. குடும்ப டொக்டர் கிடைக்கிறதுதான் கஷ்டம், ஸ்கார்பரோவில தமிழ் டொக்டர்மார் இருந்தும் "புது ஆக்கள் எடுக்கல்ல" எண்டுதான் பதில், அதால வோக்கின் கிளினிக்கில நம்பர் எடுத்து இருப்பாங்க. சித்திக்கு அது நல்ல விருப்பம், "நம்மட டிஸ்பென்சரி மாதிரி இருக்கு மனே" எண்டு.

சவூதி, கட்டார், துபாய் போறாக்களுக்கு?

காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்தால கேக்கிற முக்கால்வாசிக் கேள்வி இதுதான். அங்க வைத்தியம் உங்கட விசாவோடயும் முதலாளியோடயும் கட்டி இருக்கும். சவூதியில கம்பனி வேலக்காரருக்கு இன்ஷூரன்ஸ் முதலாளி எடுத்துக் குடுக்கணும். எமிரேட்ஸில அபுதாபி, துபாயில முந்தியே கட்டாயம், 2025 ஜனவரியில இருந்து மற்ற எமிரேட்ஸிலயும் கட்டாயம், வீட்டு வேலைக்குப் போறாக்களுக்கும் சேத்து. அந்தக் காச உங்கட சம்பளத்தில வெட்டக்கூடாது. கட்டாரில ஹமாத் எண்ட அரசாங்க ஆஸ்பத்திரிகள் நல்லம் எண்டு மச்சான் சொல்லுவான், ஹெல்த் காட் எடுத்து வச்சிருக்கணும்.

இன்ஷூரன்ஸ் காட் உங்கட கையில இருக்கணும், கபில்ட (விசா தந்த முதலாளிட) அலமாரியில இல்ல. இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில பதிஞ்சு போங்க, பதிஞ்சா அவங்கட இன்ஷூரன்ஸ் ஒண்டும் இருக்கு, பிரச்சினையெண்டா வீட்டாக்கள் இஞ்ச இருந்து 1989க்கு அடிக்கலாம். பதியாம விசிட் விசாவில போன ராத்தா (அக்கா) ஒராள், எங்களுக்குத் தெரிஞ்ச குடும்பம், வயித்து நோவோட ரெண்டு மாசம் இஞ்சிக் கசாயம் குடிச்சுக்கொண்டு இருந்து, கடைசியில வீட்டாக்கள் இஞ்ச நகைய வச்சு டிக்கட் எடுத்துக் கூப்பிட்டவங்க.

அம்மா அப்பாவ விசிட்டில எடுத்தா?

இன்ஷூரன்ஸ் இல்லாமக் கூப்பிடாதிங்க. இங்கிலாந்தில விசிட் விசாவில வந்தாக்கள் ஜீபியிட்டக் காட்டலாம், அவசரப் பிரிவில பாக்கிறதும் ஃப்ரீ, ஆனா வார்டில அட்மிட் ஆன நிமிசத்தில இருந்து மீட்டர் ஓடும், என்எச்எஸ்ஸின்ட சொந்தச் செலவில ஒண்டரை மடங்கு பில் வரும். 500 பவுண்டும் அதுக்கு மேலயும் ரெண்டு மாசம் கட்டாம நிண்டா அடுத்த விசாவில கை வைக்கும். கனடாவில தாய் தகப்பனுக்குத் தாற சூப்பர் விசாவுக்கு ஆகக் குறைஞ்சது ஒரு லட்சம் டொலர் கவர், ஒரு வருசத்துக்கு, கட்டாயம்.

இன்ஷூரன்ஸ் எடுக்கக்குள்ள சுகர், பிரஷர், பழைய ஹார்ட் வருத்தம் எல்லாத்தையும் ஒளிக்காமச் சொல்லுங்க. "சொன்னா காசு கூட" எண்டு ஏஜென்ட் சொல்லுவார், சொல்லாட்டி பிறகு ஒரு சதமும் வராது.

அம்புலன்ஸுக்குக் காசா?

இங்கிலாந்தில 999, காசில்ல. ஒண்டாரியோவில ஹெல்த் காட் இருந்தா 45 டொலர், இல்லாட்டி 240. சுவிஸில பாதி இன்ஷூரன்ஸ், பாதி நீங்க, அதிலயும் இன்ஷூரன்ஸ் தாறது வருசத்துக்கு 500 ஃபிராங் வரைக்கும்தான். ஊரில 1990 சுவசெரிய, காசில்ல. இதில நம்மட நாடு ஆருக்கும் குறைஞ்சதில்ல.

பல்லு?

இஞ்சயே கட்டிக்கொண்டு போங்க. சுவிஸில அடிப்படை இன்ஷூரன்ஸில பல்லு இல்ல. இங்கிலாந்தில என்எச்எஸ் பல் டொக்டர் கிடைச்சாலே அதிஷ்டம், கிடைச்சாலும் கட்டுப்பல்லு, கிரவுன் வகைக்கு 2025 கணக்கில 326.70 பவுண்டு. லீவில வாற ஆக்கள் முதல் கிழமை கோயில், ரெண்டாம் கிழமை பல்லு எண்டு திட்டம் போட்டு வாறது சும்மா இல்ல.

இங்கிலிஸ் தெரியாத அம்மாக்கு எப்படிக் காட்டுற?

என்எச்எஸ்ஸில தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேக்கலாம், காசில்ல, அப்பொயின்ட்மென்ட் எடுக்கக்குள்ளயே சொல்லுங்க. போனிலதான் வருவாங்க, சில நேரம் இந்தியத் தமிழாக இருக்கும், "வருத்தம்" எண்டா அங்க கவலை எண்டு விளங்குவாங்க, "சலம்" விளங்காது, அதால கொஞ்சம் பாத்துக் கதைக்கச் சொல்லுங்க. எங்கட பக்கத்து வீட்டு அம்மா "எனக்கு நெஞ்சில வருத்தம்" எண்டு சொல்ல, அந்தப் பக்கம் "பேஷன்ட் மனக்கவலையில இருக்காங்க" எண்டு டொக்டருக்குப் போயிட்டு. சின்னப் புள்ளையள மொழிபெயர்க்க வைக்காதிங்க. சிங்களம் மட்டும் நடக்கிற வார்டில பத்து வயசுப் புள்ளைய வச்சு அம்மாட வருத்தத்தச் சொன்ன அனுபவம் அம்பாறைப் பக்கத்து ஆக்களுக்கு இருக்கும், அந்தக் கஷ்டத்த அங்கயும் கொண்டு போகத் தேவையில்ல.

மனசு சரியில்லாட்டியும் இங்கிலாந்தில ஜீபி இல்லாம நேர பேச்சு வைத்தியத்துக்குப் பதியலாம். போன புதுசில தனிச்சு இருந்து பைத்தியம் பிடிச்ச மாதிரி ஆகிறது கனபேருக்கு. சொல்ல மாட்டாங்க.

ஊருக்கு வந்து ஒபரேசன் செய்துட்டுப் போறது நல்லமா?

பல்லு, கண்ணாடி, பிளட் டெஸ்ட் எல்லாம் ஓம். பெரிய ஒபரேசனெண்டா ரெண்டு தரம் யோசிங்க. மூண்டு கிழமை லீவில வந்து, ரெண்டாம் கிழமை வெட்டி, மூண்டாம் கிழமை 11 மணித்தியாலம் பிளேனில காலத் தொங்கவிட்டுக்கொண்டு இருந்தா ரத்தம் கட்டிறதுக்கு இடமிருக்கு. செய்த டொக்டர் இஞ்ச, தையல் பிரிஞ்சா நீங்க அங்க. செய்யிறெண்டா டயக்னோசிஸ் காட், ஒபரேசன் நோட், பயொப்சி ரிப்போட் எல்லாம் இங்கிலிசில கையில எடுத்துக்கொண்டு போங்க.

அப்ப நம்மட பெரியாஸ்பத்திரி மோசமில்லையா?

மோசமில்ல. மட்டக்களப்பு பெரியாஸ்பத்திரியில அப்பா 17 நாள் கிடந்தவர், ஸ்ட்ரோக், வீட்ட வரக்குள்ள நடந்து வந்தவர், பில் எண்டு ஒரு கடதாசி கையில தரல்ல. விசா, பாஸ்போட், காட் ஒண்டும் கேக்காம வாசலால உள்ளுக்கு எடுக்கிற ஆஸ்பத்திரி உலகத்தில கனக்க இல்ல. வாங்கு காணாது, கட்டிலுக்குக் கீழயும் பாய் விரிச்சு ஆக்கள் கிடப்பாங்க, சாப்பாட்டுப் பெட்டியோட சொந்தக்காரர் வாசலில காவலாளியோட மல்லுக்கட்டுவாங்க, எல்லாம் மெய்தான். லண்டனிலயும் வராந்தாவில ட்ரொலியில ராவு முழுக்கக் கிடந்த ஆக்கள நான் கண்ட, அங்க சொந்தக்காரர் வாசலில நிக்கிறதில்ல, அதான் ட்ரொலியில கிடக்கிற ஆளுக்கு ஆரும் ஒரு தேத்தண்ணி கொண்டு வாறதும் இல்ல.

போகக்குள்ள என்ன கொண்டு போற?

மருந்து மூண்டு மாசத்துக்குக் காணும், அதுக்கு மேல வேணாம், கடைப் பெட்டியோடயே, டொக்டரின்ட இங்கிலிஸ் கடிதத்தோட. குளிசையின்ட கம்பனிப் பேர் இல்ல, மருந்தின்ட பேர எழுதி எடுங்க, "மஞ்சள் குளிசை, பின்னேரம் ஒண்டு" எண்டு சொன்னா அங்க ஆருக்கும் விளங்காது. வளைகுடாப் பக்கம் போறாக்கள் ட்ரமடோல், கொடீன், பிரிகெபலின் இருக்கிற நோவுக் குளிசைகளில கவனம், ஊரில சாதாரணமா எழுதுற மருந்து அங்க போதைப்பொருள் கணக்கில வந்து எயார்போட்டிலயே பிடிப்பாங்க, அடுத்தவன் "இத என்ட தம்பியிட்டக் குடு" எண்டு தாற பார்சலுக்குள்ளயும் பாருங்க. புள்ளையளின்ட ஊசிக் காட், பழைய ஈசிஜி, ஸ்கேன் ரிப்போட், எல்லாத்தையும் போனில போட்டோவும் எடுத்து வைங்க.

அம்மா இந்த முறை என்னோட மூண்டு மாசத்துக்கு வாறா. இன்ஷூரன்ஸ் எடுத்தாச்சு, சுகர் எண்டு சொல்லித்தான். கிளினிக் கொப்பிய சொப்பிங் பேக்கில சுத்தி ஹேண்ட் லக்கேஜில வச்சிட்டா, லண்டனில அது தேவைப்படாதம்மா எண்டு சொன்னன், "இடம் பிடிக்க உதவும் மகன்" எண்டா.